உயிர் மருந்தும் ஒளிவு மறைவும்

உலகத்தில் ஒரு காரியத்தை ஒரு சிலர் மாத்திரம் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டு பிழைக்க வேண்டுமானால், அவர்கள் முதலில் செய்யவேண்டிய வேலை, அந்தக் காரியம் மற்றவர்களால் ஆகாதது என்று அந்த மற்றவர்களையே நம்பும்படி செய்துவிடுவதாகும். பூட்டுப் போட்டுக் காப்பதற்குப் பூட்டு வேண்டும், சாவி வேண்டும், காவலாள் வேண்டும். "உன்னால் ஆகாது" என்று சொல்லிக் காப்பதற்கோ வாய் ஒன்று இருந்தால் போதும். காக்கப்படுகிறவனே தனக்குக் காவலாளாகவும் நின்றுவிடுவான்.

இந்த வித்தை இப்போது மருந்து விஷயத்தில் நடந்து வருகின்றது. எம்.ஆர்.என்.ஏ. என்னும் புதுவித மருந்தைப் பற்றி நமது வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். கொரோனா நோய் உலகத்தையே ஆட்டிவைத்த காலத்தில், 2020ஆம் வருஷம் டிசம்பரில், ஃபைசர் - பயோன்டெக் கம்பெனிகளும் மாடர்னா கம்பெனியும் வெளியிட்ட தடுப்பூசிகள் இந்த வகையைச் சேர்ந்தவையாகும். அதற்கு முன் உலகத்தில் எந்த சர்க்காரும் இந்த வகைத் தடுப்பூசி எதற்கும் விற்பனை அனுமதி கொடுத்ததில்லை. ஏழைத் தேசங்கள் இந்த ஊசியைத் தாங்களே செய்துகொள்ள வேண்டுமென்று கேட்டபோது அவர்களுக்குக் கிடைத்த பதில், "இது மிகவும் சிக்கலான சரக்கு, உங்களிடம் யந்திரமும் இல்லை, ஆளும் இல்லை, பழக்கமும் இல்லை, நாங்கள் செய்து தருகின்றோம், பொறுத்திருங்கள்" என்பதே. பொறுத்திருந்ததின் பலன் என்ன? 2021ஆம் வருஷம் முடியும்போது பணக்காரத் தேசங்களில் மூன்றாவது ஊசி நடந்துகொண்டிருக்க, மிக ஏழையான தேசங்களிலோ பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட முதல் ஊசி கிடைத்தபாடில்லை.

எனவே, இந்தச் சரக்கு உண்மையிலேயே மற்றவர்களால் செய்ய முடியாததுதானா, அல்லது முடியாதபடி செய்யப்பட்டிருக்கின்றதா என்பதை யோசித்துப் பார்க்க வேண்டியது நமது கடமையாகும். யோசிப்பதற்கு முன் அது இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாத விஷயத்தில் கோபப்படுவதும் பக்தி செலுத்துவதும் ஒன்றேயாகும்.

சரக்கு இன்னது

நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லும் ஒரு பட்டறை. எந்தச் சாமானைச் செய்ய வேண்டுமென்று மேஸ்திரி எழுதிக் கொடுக்கும் சீட்டுப் போன்றதே எம்.ஆர்.என்.ஏ. என்பது. சீட்டில் எழுதியிருக்கிறபடி பட்டறை சாமானைச் செய்யும். கொஞ்ச காலத்தில் சீட்டு கிழிந்து போகும். வேண்டிய சீட்டை வெளியிலே எழுதி உள்ளே அனுப்பிவிட்டால், உடம்பே தனக்கு வேண்டிய மருந்தைச் செய்துகொள்ளும் என்பதுதான் இதிலுள்ள தத்துவம்.

ஆனால் வெறும் சீட்டை ரத்தத்திலோ சதையிலோ விட்டால், மழையில் போட்ட காகிதம்போல் அது சில நிமிஷங்களில் நைந்து போகும். தப்பித் தவறிப் பட்டறை வாசலுக்குப் போனாலும் உள்ளே நுழையாது. ஆகவே அதற்கு ஒரு உறை வேண்டும். அந்த உறைதான் லிப்பிட் நானோ துகள் என்று சொல்லப்படும் கொழுப்புத் துளி. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 10,000 துளிகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியது.

இந்தத் துளியில் நான்கு வகைக் கொழுப்புகள் இருக்கின்றன. முதலாவது, புளிப்பு நீரில் மின்னேற்றம் பெற்றுச் சீட்டைக் கவ்விக்கொண்டு, புளிப்பு நீங்கியதும் மின்னேற்றத்தை இழந்து சாதுவாகிவிடும் கொழுப்பு. செல்லுக்குள் நுழைந்ததும் அங்கே மறுபடியும் புளிப்பான ஒரு பையில் அகப்பட்டு, மின்னேற்றம் பெற்று, பையைக் கிழித்துச் சீட்டை வெளியே விடுவதும் இதுவே. இரண்டாவது, செல்லின் தோலில் இருக்கும் கொழுப்பைப் போன்றது. மூன்றாவது, நம் எல்லோர் உடம்பிலும் இருக்கும் கொலஸ்ட்ரால். துளி தளர்ந்துவிடாமல் இது தாங்கும். நான்காவது, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் விலக்கி வைப்பது. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. மின்சாரமும் புளிப்பும் கொழுப்பும் செய்கிற வேலைதான்.

கஷ்டம் எங்கே?

இதில் கஷ்டமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கஷ்டத்தை மறைத்துப் பேசுவது, கஷ்டத்தைப் பெருக்கிப் பேசுவதைப் போன்ற புரட்டேயாகும்.

நான்கு கொழுப்புகளையும் எத்தனால் என்னும் சாராயச் சத்தில் கரைத்து ஒரு குழாயிலும், சீட்டைப் புளிப்பு நீரில் கரைத்து இன்னொரு குழாயிலும் விடுகின்றார்கள். சாராயம் ஒரு பங்குக்கு நீர் மூன்று பங்கு. இரண்டும் வேகமாக ஓடி ஒரு முனையில் மோதிக் கலக்கின்றன. கலந்த மாத்திரத்தில், ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரத்துக்குள், கொழுப்பு நீரைக் கண்டு சுருண்டு, சீட்டை உள்ளே வைத்துத் துளியாகிவிடுகின்றது. இந்தக் கலப்பு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். கொஞ்சம் மந்தமாகக் கலந்தாலும் ஒரு துளி பெரிதாகவும் ஒரு துளி சிறிதாகவும் போகும், சில துளிக்குள் சீட்டே இராது, மருந்து வீணாகும்.

நமது வீட்டுப் பெண்மக்களுக்கு இது புது விஷயமல்ல. நான்கு பேருக்குக் களி கிண்டுகிறவர் கட்டி தட்டாமல் கிண்டிவிடுவார். அதே மாவை நானூறு பேருக்கு ஒரே அண்டாவில் கொட்டி, அதே துடுப்பால் கிண்டச் சொன்னால், நடுவில் கட்டியும் அடியில் தீய்ச்சலுமாகத்தான் முடியும். பாத்திரம் நூறு மடங்கு பெரிதானால் கலக்கும் வேகம் நூறு மடங்கு கூடிவிடுவதில்லை. ஆய்வுச்சாலையில் சிறு கண்ணாடிக் குழாயில் வந்த மருந்து தொழிற்சாலையில் வராமற் போவதற்குக் காரணம் இதுவே.

இதற்கு ஃபைசர் கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தைச் சேர்ந்த கலமசூ என்ற ஊரிலுள்ள தங்கள் தொழிற்சாலையில் பெரிய அண்டா எதையும் கட்டவில்லை. கையில் அடங்கும் ஒரு நாணயத்தின் அளவே உள்ள கலப்புக் கருவியைப் பெரிதாக்காமல், அதைப்போலவே பலவற்றைச் செய்து வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் ஒரே வேகத்தில் நீரும் கொழுப்பும் ஓடும்படி பம்புகளை அமைத்து, கணக்கு யந்திரத்தைக் கொண்டு ஆளச் செய்தார்கள். அதாவது ஒரு அண்டாவுக்குப் பதில் நூறு சட்டி. இது நல்ல யோசனை. யோசித்தவர்களைப் பாராட்டவும் கடமைப்பட்டிருக்கின்றோம். ஆனால் இதைக் கேட்ட பிறகு, இது மற்றொருவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் புரியாத விஷயம் என்று யாராவது சொல்ல முடியுமா?

இதன் பிறகும் வேலை இருக்கின்றது. சாராயத்தை வடிகட்டி எடுக்க வேண்டும். புளிப்பை மாற்ற வேண்டும். உறையும்போது துளி உடையாமலிருக்கச் சர்க்கரை சேர்க்க வேண்டும். கிருமி புகாதபடி மறுபடி வடிகட்டிக் குப்பியில் அடைத்துக் குளிரில் வைக்க வேண்டும். எந்த வடிகட்டி எப்போது அடைத்துக்கொள்ளும், பம்பு எந்த வேகத்தில் துடித்தால் துளி கெடும், எந்தக் கொழுப்பில் எவ்வளவு அழுக்கு இருந்தால் சீட்டு நாசமாகும் என்பன போன்ற சிறு சிறு விஷயங்கள் ஆயிரம் இருக்கும். இவற்றைச் செய்து கெட்டுக் கெட்டுத்தான் கற்க வேண்டும். அல்லது கெட்டுக் கற்றவனிடம் கேட்டுக் கற்க வேண்டும். முதல் வழிக்கு வருஷங்கள் ஆகும். இரண்டாவது வழிக்கு மாதங்கள் போதும். நமது வழக்கெல்லாம் இந்த இரண்டாவது வழியை அடைத்து வைத்தவர்கள் மீதுதான்.

எவ்வளவு சரக்கு?

"உலகத்துக்கெல்லாம் வேண்டிய சரக்கை எப்படிச் செய்வது" என்று மலைத்துப் பேசுகிறவர்களுக்காக ஒரு சிறு கணக்கைச் சொல்லுகின்றோம். வாசகர்கள் தாங்களே காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பெரியவர்களுக்குப் போட்ட ஃபைசர் ஊசி ஒன்றில் இருந்த எம்.ஆர்.என்.ஏ. 30 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சம் பங்கு செய்து அதில் 30 பங்கு. நான்கு கொழுப்புகளும் சேர்ந்து ஏறக்குறைய 0.77 மில்லிகிராம். உலகத்து ஜனங்கள் 800 கோடிப் பேர். ஆளுக்கு இரண்டு ஊசி என்றால் 1,600 கோடி ஊசி. இதற்கு வேண்டிய எம்.ஆர்.என்.ஏ. எவ்வளவு? 480 கிலோ. கொழுப்பு எவ்வளவு? சுமார் 12 டன். ஒரு லாரி சுமை! உலகத்து மக்கள் அத்தனை பேருக்கும் போட வேண்டிய மருந்தின் சத்தை, நம்மூர்ச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றி வரும் ஒரு பெரிய லாரியில் ஏற்றிவிடலாம்.

இந்த ஒரு லாரிச் சுமைக்காகத்தான் கண்டங்கள் காத்துக் கிடந்தன. இரும்பு இல்லை, நிலக்கரி இல்லை, பூமி இல்லை என்பதற்காக அல்ல. சொல்லிக் கொடுக்க மனமில்லை என்பதற்காகவே என்றால், இதைவிட வெட்கக்கேடு வேறென்ன இருக்கின்றது?

சிலருக்கு மாத்திரம் எப்படிப் புரிந்தது?

நிற்க, பழக்கமில்லாதவர்களால் செய்ய முடியாது என்பது உண்மையானால், 2020ஆம் வருஷ ஆரம்பத்தில் யாருக்குப் பழக்கம் இருந்தது என்று கேட்கின்றோம். இந்த மாதிரிக் கொழுப்புத் துளியில் அடைத்த மருந்து என்று அதுவரை அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றிருந்தது 2018ஆம் வருஷத்தில் வந்த ஆன்பாட்ரோ ஒன்றுதான். அதுவும் அபூர்வமான ஒரு நரம்பு நோய்க்காகச் சிலருக்கு மாத்திரம் வேண்டியது. கோடிக்கணக்கில் செய்த பழக்கம் யாருக்குமே கிடையாது.

மாடர்னா கம்பெனி 2020ஆம் வருஷம் மே மாதத்தில் ஸ்விட்சர்லாந்து தேசத்து லோன்சா கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தன் முறையைச் சொல்லிக் கொடுத்தது. ஒரு வருஷத்துக்குள் விஸ்ப் என்ற ஊரிலுள்ள லோன்சா தொழிற்சாலையிலிருந்து சரக்கு வெளிவந்துவிட்டது. பயோன்டெக் கம்பெனி ஜெர்மனியில் மார்பர்க் என்னும் ஊரில் நோவார்டிஸ் கம்பெனிக்கிருந்த தொழிற்சாலையை விலைக்கு வாங்கப் போவதாக 2020 செப்டம்பரில் அறிவித்தது. 2021 பிப்ரவரியில் அங்கே உற்பத்தி ஆரம்பமாகிவிட்டது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தத் தொழிற்சாலையில் அதற்கு முன் வேறு மருந்து வேலை செய்துகொண்டிருந்த ஆட்களே இந்த வேலையையும் கற்றுக்கொண்டார்கள்.

விஸ்பிலும் மார்பர்க்கிலும் இருக்கிற தொழிலாளி தாய் வயிற்றிலிருக்கும்போதே பம்பு திருகக் கற்றுக்கொண்டா பிறந்தான்? அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அவன் கற்றுக்கொண்டான். கேப் டவுனிலும், டாக்காவிலும், பூனாவிலும் இருக்கிறவனுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தால் அவனும் கற்றுக்கொண்டிருப்பான். ஒருவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மற்றொருவனுக்குச் சொல்லிக் கொடுக்காமலிருந்துவிட்டு, பிறகு "அவனுக்கு அறிவு இருக்கின்றது, இவனுக்கு அறிவு இல்லை" என்று தீர்ப்புச் சொல்லும் தந்திரத்தை நம் நாட்டு மக்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்பின் கீழ் வெகுகாலம் இருந்து அனுபவித்தவர்கள் அவர்கள்.

கேப் டவுன் சொல்லும் சாட்சி

உலக சுகாதார ஸ்தாபனம் 2021ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தில் ஒரு எம்.ஆர்.என்.ஏ. பயிற்சிக் கேந்திரம் ஏற்படுத்துவதாக அறிவித்தது. அஃப்ரிஜென் என்ற சிறு கம்பெனி அதன் நடுநாயகம். மாடர்னா கம்பெனி 2020 அக்டோபரில், தொற்று நோய் நீடிக்கும் வரையில் தன் கொரோனா பேடண்டு உரிமைகளை யார் மேலும் ஏவுவதில்லை என்று பெருந்தன்மையாக அறிவித்திருந்தது. ஆனால் கேப் டவுன்காரர்கள் செய்முறையைச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டபோது அந்தக் கம்பெனி முன்வரவில்லை. கதவைத் திறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, உள்ளே போகும் படிக்கட்டை உருவிக்கொண்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கேப் டவுன்காரர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. வெளியில் பிரசுரமாகியிருந்த சீட்டின் எழுத்துக்களையும், அச்சாகியிருந்த விஞ்ஞானக் கட்டுரைகளையும் வைத்துக்கொண்டு, விட்வாட்டர்ஸ்ராண்ட் சர்வகலாசாலை விஞ்ஞானிகளின் உதவியோடு, 2022 பிப்ரவரிக்குள் ஆய்வுச்சாலை அளவில் அந்தத் தடுப்பூசியைச் செய்து காட்டிவிட்டார்கள். ஆய்வுச்சாலை அளவு வேறு, தொழிற்சாலை அளவு வேறு என்பதை மேலே நாமே சொல்லியிருக்கின்றோம். முதலாவதை அவர்கள் தாங்களாகவே எட்டிவிட்டார்கள். இரண்டாவதற்குத்தான் தெரிந்தவன் ஒருவனின் சில மாதத்து உதவி வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை, ஆகவே காலம் போயிற்று, காலம் போன அளவுக்கு உயிர்களும் போயின.

அதே கேப் டவுன் நகரத்தில் அதே 2021ஆம் வருஷத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. ஃபைசர் - பயோன்டெக் கம்பெனிகள் அங்குள்ள பயோவாக் கம்பெனியோடு ஜூலை மாதத்தில் ஒரு ஒப்பந்தம் அறிவித்தன. எதற்கு? ஐரோப்பாவில் செய்து அனுப்பும் மருந்தை வாங்கிக் குப்பியில் நிரப்பி அடைத்துக் கொடுப்பதற்கு. சமையல் ஐரோப்பாவில், இலை போட்டுப் பரிமாறுவது ஆப்பிரிக்காவில்! அடுப்பங்கரைக்குள் மாத்திரம் வரக்கூடாது.

மாடர்னா கம்பெனியோ ஆப்பிரிக்காவில் 50 கோடி டாலர் வரை செலவு செய்து தொழிற்சாலை கட்டுவதாகச் சொல்லி, 2022இல் கென்யா தேசத்தைத் தேர்ந்தெடுத்தது. 2024 ஏப்ரலில், கொரோனா ஊசிக்கு ஆப்பிரிக்காவில் கிராக்கி இல்லை என்று சொல்லி அந்த முயற்சியை நிறுத்தி வைத்தது. பசித்தபோது சோறு போடாமலிருந்துவிட்டு, பசி மரத்துப் போன பிறகு "நீதான் சாப்பிடமாட்டேன் என்கின்றாயே" என்று சொல்வது இதுதான்.

பணம் யாருடையது?

"நாங்கள் பணம் போட்டோம், பாடுபட்டோம், கண்டுபிடித்தோம், அதைச் சும்மா கொடுப்பதா?" என்பது அவர்களுடைய அடுத்த வாதம். இது நியாயமாகத் தோன்றும் வாதமானதால் இதைக் கொஞ்சம் ஆராய்வோம்.

சீட்டை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்காமலிருக்க அதன் எழுத்தில் ஒன்றை மாற்ற வேண்டுமென்று 2005இல் கண்டு சொன்னவர்கள் கேட்டலின் கரிக்கோ என்ற அம்மையாரும் ட்ரூ வைஸ்மன் என்பவரும். இருவரும் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் வேலை செய்தவர்கள். அந்த அம்மையாரின் ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்காமல் 1995இல் அவரை உத்தியோகத்தில் தாழ்த்தினார்கள். 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. கொழுப்புத் துளியை வளர்த்தெடுத்ததில் முக்கியமானவர் கனடா தேசத்துப் பொதுச் சர்வகலாசாலையான பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பீட்டர் கல்லிஸ் என்பவரும் அவரோடிருந்தவர்களும். மாடர்னா ஊசியைச் செய்ததில் அமெரிக்க சர்க்காரின் சுகாதார ஆராய்ச்சி நிலையம் கூட்டாளி. அந்த ஊசியின் ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் அமெரிக்க சர்க்கார் 2020இல் கொடுத்த தொகை சுமார் 95 கோடி டாலர். சரக்கை வாங்கிக்கொள்ள முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகை வேறு 150 கோடி டாலர். பயோன்டெக் கம்பெனிக்கு ஜெர்மன் சர்க்கார் 37.5 கோடி யூரோ வரை கொடுக்க முன்வந்தது. ஃபைசரிடம் 10 கோடி ஊசி வாங்கிக்கொள்வதாக அமெரிக்க சர்க்கார் 195 கோடி டாலருக்கு வாக்குக் கொடுத்தது.

இவ்வளவும் வரி கொடுத்தவனுடைய பணம். நஷ்டம் வந்தால் ஜனங்கள் தலையில். லாபம் வந்தால் கம்பெனிப் பெட்டியில். லாபம் எவ்வளவு வந்தது என்பதையும் சொல்லிவிடுவோம். 2021ஆம் வருஷத்தில் மாத்திரம் இந்த ஊசியினால் ஃபைசருக்கு வந்த வரும்படி சுமார் 3,680 கோடி டாலர். மாடர்னாவின் விற்பனை சுமார் 1,770 கோடி டாலர். பாடுபட்டவனுக்குக் கூலி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கம்பெனியும் தன் பணத்தைப் போட்டது, அதன் ஆட்கள் இரவு பகலாக வேலை செய்தார்கள், லாபம் அடையட்டும். ஆனால் இவ்வளவு அடைந்த பிறகும், பொதுப் பணத்தில் பிறந்த வித்தையைப் பொது ஜனங்களுக்குச் சொல்லமாட்டோம் என்றால், அதற்கு வியாபாரம் என்று பெயரா, வேறு பெயரா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

கண்டுபிடித்தவர் யார் என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. கொழுப்புத் துளி எங்களுடையது என்று 2022 பிப்ரவரியில் ஆர்பியூட்டஸ், ஜெனெவன்ட் கம்பெனிகள் மாடர்னாவின் மேலும், மார்ச்சில் அல்நைலம் கம்பெனி ஃபைசர், மாடர்னா இருவர் மேலும் வழக்குப் போட்டன; ஆகஸ்டில் மாடர்னா கம்பெனி தன் எம்.ஆர்.என்.ஏ. பேடண்டுகளை மீறியதாக ஃபைசர், பயோன்டெக் மேல் வழக்குப் போட்டது. பலர் சேர்ந்து வெட்டிய கிணற்றைச் சிலர் தங்களுடையதென்று சொல்லி அடித்துக்கொண்டிருக்க, தாகத்தோடு நிற்கிறவன் எந்தப் பக்கம் சாட்சி சொல்வான்?

சட்டம் கொடுத்த சாவி

இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வியாபார ஸ்தாபனத்தில், நோய் தீரும் வரையில் பேடண்டு முதலிய உரிமைகளை நிறுத்தி வைக்க வேண்டுமென்று ஒரு பிரேரணை கொண்டுவந்தன. ஏறக்குறைய ஒன்றே முக்கால் வருஷம் பேசினார்கள். 2022 ஜூனில் ஒரு முடிவு வந்தது. தடுப்பூசி பேடண்டு விஷயத்தில் மாத்திரம் கொஞ்சம் சலுகை. வியாபார ரகசியம் என்று சொல்லப்படும் செய்முறை அறிவைப் பற்றி எவ்விதக் கட்டாயமும் இல்லை.

இங்கேதான் சூட்சுமம் இருக்கின்றது. பேடண்டு என்பது எழுதி வெளியிடப்பட்ட விஷயம்; யாரும் படிக்கலாம். பம்பின் வேகமும் வடிகட்டியின் குணமும் கெட்டுக் கற்ற பாடங்களும் அதில் இல்லை. அவை தொழிற்சாலைச் சுவருக்குள் இருக்கின்றன. ஆகவே பேடண்டைத் தளர்த்தியது கைதிக்குக் காலிலுள்ள விலங்கை வைத்துக்கொண்டு கைவிலங்கை மாத்திரம் அவிழ்த்துவிட்ட கதையாக முடிந்தது.

ஆட்சேபணைகள்

"கண்டவனெல்லாம் செய்தால் சுத்தம் கெட்டு ஜனங்கள் சாவார்கள்" என்பார்கள். சுத்தத்தில் அவ்வளவு அக்கறை இருந்தால் சொல்லிக் கொடுப்பதல்லவா அதற்கு வழி? தெரியாமல் செய்கிறவன்தான் கெடுப்பான். மேலும், பரீட்சை செய்ய ஒவ்வொரு தேசத்திலும் மருந்து அதிகாரிகள் இருக்கின்றார்கள். பூனா நகரத்து ஜென்னோவா கம்பெனி, ஆழ்ந்த உறைகுளிர் வேண்டாமல் சாதாரணக் குளிர்ப்பெட்டியில் வைக்கத் தக்கதாக ஒரு எம்.ஆர்.என்.ஏ. ஊசியைச் செய்து 2022 ஜூனில் இந்திய சர்க்காரின் அவசர அனுமதி பெற்றது. ஃபைசர் சரக்கை முதலில் பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரி குளிரில் வைக்க வேண்டியிருந்தது. மின்சாரம் நின்று நின்று வரும் ஊர்களில் அது எப்படி நடக்கும்? ஏழைத் தேசத்தின் கஷ்டம் தெரிந்தவன் செய்யும்போது அந்தக் கஷ்டத்துக்கு ஏற்ற மருந்து பிறக்கும் என்பதற்கு இது அத்தாட்சி.

"கொரோனா போய்விட்டது, இனி எதற்கு இந்தப் பேச்சு?" என்பார்கள். உறையும் கலப்புக் கருவியும் கொரோனாவுக்கென்று பிறந்தவையல்ல. சீட்டின் எழுத்தை மாற்றினால் மருந்து மாறும்; பட்டறை அப்படியே இருக்கும். முதியவர்களை வாட்டும் ஆர்.எஸ்.வி. என்னும் சுவாச நோய்க்கு இதே முறையில் செய்த ஊசிக்கு 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2025ஆம் வருஷத்தில் பிலடெல்பியா நகரத்தில், பிறவியிலேயே உடம்பில் அம்மோனியா என்னும் விஷம் சேரும் அபூர்வ நோயோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தைக்கென்றே எழுதிய சீட்டைக் கொழுப்புத் துளியில் வைத்துக் கொடுத்து, அதன் கல்லீரலிலுள்ள பிழையைத் திருத்தினார்கள் என்ற செய்தி வெளிவந்தது. நாளைக்கு இம்மாதிரிக் குழந்தை நம் தெருவிலும் பிறக்கும். அப்போது மருந்து கலமசூவிலிருந்து வரும் வரையில் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருப்பதா?

இன்னொரு கூட்டத்தாரையும் இங்கே கண்டிக்காமலிருக்க முடியவில்லை. இந்த மருந்தே விஷம், இது மனிதனின் பரம்பரையையே மாற்றிவிடும் என்று வதந்தி பரப்புகிறவர்கள் இவர்கள். சீட்டு செல்லின் நடுக்கருவுக்குள் போய் மரபை எழுதுவதில்லை. வேலை முடிந்ததும் கிழிந்து போகின்றது. கெடுதலே இல்லையா என்றால், உண்டு. முக்கியமாக இளைஞர்களில் மிகச் சிலருக்கு இருதயத் தசையில் வீக்கம் கண்டது. மருந்து அதிகாரிகளே அதை எழுதி எச்சரித்தார்கள். எண்ணிச் சொல்லப்பட்ட கெடுதலுக்கு நாம் பயப்படுவதில்லை, எச்சரிக்கையாக இருக்கின்றோம். எண்ணாமல் சொல்லும் பீதிக்குத்தான் பயப்படுகின்றோம். அமெரிக்க சுகாதார மந்திரி ராபர்ட் கென்னடி ஜூனியர் 2025 ஆகஸ்டில், மேல் சுவாச நோய்களை இவை சரிவரத் தடுக்கவில்லை என்று காரணம் சொல்லி, சுமார் 50 கோடி டாலர் பெறுமான 22 எம்.ஆர்.என்.ஏ. ஆராய்ச்சித் திட்டங்களை முடித்துவிடுவதாக அறிவித்தார். தொற்றை முற்றும் தடுக்காவிட்டாலும் சாவைத் தடுத்ததே, அது கணக்கில் சேராதா? குடை பிடித்தும் கால் நனைந்தது என்பதற்காகக் குடையைக் கிழித்துப் போடுகிறவனை நாம் என்னவென்று சொல்லுவோம்?

மறைத்து வைக்கிற முதலாளியும் பீதி கிளப்புகிற வாய்வீச்சுக்காரனும் எதிரிகள்போல் தோன்றுவார்கள். இருவருக்கும் முதல் ஒன்றேதான். ஜனங்களுக்கு விஷயம் தெரியாமலிருப்பதுதான் அந்த முதல். தெரிந்துவிட்டால் முதலாமவனுக்குக் கொள்ளை லாபம் போய்விடும். இரண்டாமவனுக்குக் கூட்டம் போய்விடும்.

செய்யவேண்டியது என்ன?

பொதுப் பணம் ஒரு காசு வாங்கினாலும், செய்முறையைக் கேட்கிற தேசத்துக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்ற நிபந்தனையை, பணம் கொடுக்கும்போதே சர்க்கார்கள் எழுதி வாங்க வேண்டும். நோய் வந்த பிறகு கெஞ்சுவதில் பயனில்லை. இரண்டாவது, பெரிய அண்டா தேவையில்லை, பல சிறு சட்டிகள் போதும் என்பது நிரூபணமாகிவிட்டபடியால், அந்தந்த தேசத்து சர்க்காரே சிறு அளவில் இந்தப் பட்டறைகளை நிறுவி, நோயில்லாத காலத்திலும் வேறு மருந்துகள் செய்து ஆட்களைப் பழக்கத்தில் வைத்திருக்க வேண்டும். தீப்பிடித்த பிறகு கிணறு தோண்டுவது புத்திசாலித்தனமல்ல. கொழுப்பையும் தாங்களே செய்யக் கற்க வேண்டும். உறை ஒருவன் கையில் இருந்தால் சீட்டு நம் கையில் இருந்து பயனில்லை. மூன்றாவது, இவற்றைப் பற்றி நம் மக்கள் நம் பாஷையில் பேசிப் பழக வேண்டும். புரியாத பெயர் என்று ஒதுங்கி நிற்பதுதான் மறைத்து வைக்கிறவனுக்கு நாம் கொடுக்கும் மானியம்.

கண்டுபிடித்தவனின் பெயரை உலகம் மறக்க வேண்டாம். அவனுக்குப் பரிசு கொடுக்கட்டும், சிலை வைக்கட்டும், பணமும் கொடுக்கட்டும். ஆனால் 12 டன் கொழுப்பையும் 480 கிலோ சத்தையும் எப்படிக் கலப்பது என்ற அறிவை நாலைந்து கம்பெனிகளின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வெளியே 800 கோடி ஜனங்களை வரிசையில் நிற்க வைப்பது நாகரிகமா, மனிதத் தன்மையா என்பதை யோசித்துப் பாருங்கள். அடுத்த நோய் எந்த வருஷம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும்போது நாம் கையேந்தி நிற்போமா, கலப்புக் கருவியைத் திருகிக்கொண்டு நிற்போமா என்பது மாத்திரம் நம் கையில் இருக்கின்றது.